பழைய வாட்ச் வாங்கப் போகிறீர்களா? பின்மூடியைத் திறக்காமல் விலை பேசாதீர்கள்

அப்பாவின் மணிவிழாவுக்கு ஒரு பழைய ஃபேவர்-லூபா, அந்த ஸ்விஸ் வாட்ச், வாங்கித் தர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் முப்பது வருடம் டீமேக்கராக இருந்தவர் அவர். இலை புளிக்கும் நேரத்தை நிமிடம் தவறாமல் பார்க்க வேண்டிய வேலை. கையில் எச்.எம்.டி. ஜனதாவைக் கட்டிக்கொண்டு, பெரிய துரை கட்டியிருந்த ஃபேவர்-லூபாவை மனதில் வைத்திருந்தார்.

மே மாத சீசன் நெரிசலில் ஊட்டியில் ஒரு பழம்பொருள் கடைக்குள் நுழைந்தேன். வெள்ளி போல மின்னும் டயல், புதுத் தோல் ஸ்ட்ராப். 12,000 சொன்னார்கள், 9,500க்கு முடித்தேன், பேரம் பேசி வென்ற பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் வாட்ச் நின்றுவிட்டது. குன்னூரில் ரிப்பேர் பார்க்கும் பாய் பின்மூடியைத் திறந்து, லென்ஸைக் கண்ணில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டயலுக்கு வயது இரண்டு, மெஷினுக்கு வயது ஐம்பது, தம்பி. உள்ளே துரு." கடைக்குத் திரும்பிப் போனேன். பில் இல்லை. "பழைய பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது" என்ற ஒரே பதில்தான்.

அதன் பிறகு நான்கு மாதம் கடை கடையாக ஏறி இறங்கிக் கற்றுக்கொண்டதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். பழைய வாட்சுக்கும், லட்சங்களில் விலை போகும் புது வாட்சுக்கும் பெரும்பாலும் இதே வரிசைதான்.

1. எந்த நாளில், எந்தக் கடைக்கு

மலையில் பழைய வாட்ச் மூன்று இடங்களில் கிடைக்கும். முதலாவது ரிப்பேர் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பதினைந்து வாட்சுகள் கிடக்கும். பாதிக்கு மேல் எச்.எம்.டி. இரண்டாவது சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் பழம்பொருள் கடை. மூன்றாவது வீடுகள். வெல்லிங்டன், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஓய்வுபெற்று வந்து தங்கிய ராணுவ அதிகாரிகளும் தோட்டத்துக்காரர்களும் நிறைய. அவர்கள் வீட்டு மேசை இழுப்பறைகளிலிருந்து நல்ல வாட்சுகள் அவ்வப்போது வெளியே வரும், பெரும்பாலும் ரிப்பேர்காரர் வழியாக. அதனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு ரிப்பேர்காரரோடு பழகிக்கொள்ளுங்கள். நான் கடைசியில் வாங்கிய வாட்சும் அப்படித்தான் வந்தது.

புதிய ஒமேகாவையோ லாஞ்சின்ஸையோ கட்டிப் பார்க்க வேண்டுமானால் கோவை, சென்னை, பெங்களூரு என்று இறங்கத்தான் வேண்டும். போவதற்கு முன்னால் போன் செய்து, குறிப்பிட்ட மாடல் கடையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைச் செய்யாமல் ஒரு முறை மேட்டுப்பாளையம் வழியாக இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போய், படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ரோலெக்ஸ் கடைகளில் கண்ணாடிக்குள் இருக்கும் பல வாட்சுகளில் "காட்சிக்கு மட்டும்" என்று அட்டை இருக்கும். கட்டிப் பார்க்கலாம், வாங்க முடியாது. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் மலையில் வாங்காதீர்கள். கூட்டம் இருக்கும் வரை யாரும் விலையைக் குறைக்கப் போவதில்லை, பின்மூடியைத் திறந்து காட்டவும் பொறுமை இருக்காது. ஜூலை மழையில் கடைக்காரர் தேநீர் வாங்கித் தந்து பேசுவார். ஆனால் மழை நாளில் பின்மூடியைத் திறந்தால் ஈரக் காற்று உள்ளே போகும். ஜனவரி முதல் மார்ச் வரை காற்று உலர்ந்திருக்கும், கூட்டமும் குறைவு. என் ஓட்டு அந்த மூன்று மாதங்களுக்கே.

சமவெளியிலிருந்து சொந்தக் காரில் வருகிறவர்கள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. அரசு பஸ்ஸில் வந்தால் தேவையில்லை.

2. பையில் என்ன இருக்க வேண்டும்

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், போன் டார்ச், மில்லிமீட்டர் அளவுகோல், மெல்லிய துணி, ஒரு துண்டு நூல். லென்ஸ் சில நூறு ரூபாய்தான். இதை வாங்கத் தயங்கிவிட்டு 9,500 ரூபாயை அள்ளிக் கொடுத்தவன் நான்.

நூலால் மணிக்கட்டைச் சுற்றி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதை மதியத்தில் செய்யுங்கள். விடியற்காலைக் குளிரில் மணிக்கட்டு சுருங்கியிருக்கும், அப்போது சரியாக இருந்த ஸ்ட்ராப் கோவை வெயிலில் இறுக்கிப் பிடிக்கும்.

3. கட்டிப் பார்ப்பது

கேட்காமல் எடுக்காதீர்கள். "கட்டிப் பார்க்கலாமா?" என்ற ஒரு கேள்வியில் கடைக்காரரின் முகம் மாறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். மோதிரம், வளையல் இருந்தால் கழற்றிவிடுங்கள். கைகளை மேசைத் துணிக்கு மேலேயே வைத்துக்கொண்டு கட்டுங்கள். தவறி விழுந்தால் தரையில் விழக்கூடாது.

பலரும் டயலின் அகலத்தை மட்டும் கேட்கிறார்கள். ஸ்ட்ராப் மாட்டும் மேல் காதின் நுனியிலிருந்து கீழ்க் காதின் நுனிவரை உள்ள நீளம்தான் முக்கியம். அந்தக் காதுகள் மணிக்கட்டின் விளிம்பைத் தாண்டித் தொங்கினால் வாட்ச் எவ்வளவு அழகானாலும் உங்களுக்கு ஆகாது. 1960களின் ஆண்கள் வாட்ச் பெரும்பாலும் 33 முதல் 36 மில்லிமீட்டர்தான் இருக்கும். முதலில் சிறுபிள்ளை வாட்ச் போலத் தெரியும். பத்து நிமிடம் கட்டியிருங்கள், கண் பழகிவிடும்.

நம் ஊருக்கென்று ஒரு சோதனை உண்டு. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போங்கள். கைப்பகுதி வாட்சுக்கு மேல் வழுக்கி இறங்குகிறதா, மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். கோவை ஷோரூமில் சட்டையோடு கட்டிப் பார்த்து மயங்கிய ஒரு தடித்த டைவிங் வாட்ச், என் கம்பளி ஸ்வெட்டருக்குள் நுழையவே மறுத்தது.

ஷோரூமில் பிளாஸ்டிக் படலத்தை நீங்களே உரிக்காதீர்கள். பணம் கட்டி முடிக்கும் வரை செயினின் கண்ணியைக் கழற்றிச் சிறிதாக்கவும் சொல்லாதீர்கள். கழற்றியபின் "வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது. அவர்களுக்கும் அது தெரியும்.

4. பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

இது பழைய வாட்சுக்கு மட்டும். ஷோரூம் வாட்சைத் திறக்கச் சொல்லாதீர்கள், வாரண்டி போய்விடும்.

கடைக்காரர் "எல்லாம் சரியாக இருக்கிறது, எதற்குத் திறக்க வேண்டும்?" என்றால், வாட்சை வைத்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள். திறந்து காட்டினால் கீழே உள்ளதைப் பாருங்கள்.

மெஷினில் துரு. சாவிக் குமிழின் தண்டு நுழையும் இடத்தைச் சுற்றிப் பழுப்புப் பொடி இருந்தால் ஈரம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. மலையில் இருந்த வாட்சுகளின் முதல் நோய் இதுதான். என் வாட்சிலும் அங்கேதான் இருந்தது. ஸ்குருத் தலைகளில் கீறல் அதிகம் இருந்தால், பல கைகள் மாறி ரிப்பேர் ஆனது என்று அர்த்தம். மெஷின் மீது பெயரும் எண்ணும் இருந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் நிதானமாக ஒப்பிடலாம்.

அடுத்து டயல். பழைய டயலைச் சுரண்டிவிட்டு மறுபடி அச்சடிப்பதை ரீடயல் என்பார்கள். நம் நாட்டில் சுற்றும் பழைய ஃபேவர்-லூபா, வெஸ்ட் எண்ட், எச்.எம்.டி. வாட்சுகளில் இது ஏராளம். லென்ஸில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்க வேண்டும், மை கசிந்து வால் முளைத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு நிமிடக் கோடும் தன் மணிக் குறியின் நடுவில் வந்து சேர வேண்டும். ஸ்விஸ் வாட்சானால், ஆறு மணிக்குக் கீழே விளிம்பை ஒட்டிப் பொடி எழுத்தில் இருக்க வேண்டிய "ஸ்விஸ்" அல்லது "ஸ்விஸ் மேட்" காணாமல் போயிருந்தாலோ, பாதி வெட்டுப்பட்டிருந்தாலோ சந்தேகப்படுங்கள். எச்.எம்.டி. வாங்கும்போது கிளிப்பச்சை, ரத்தச் சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும் டயலைக் காட்டி "தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய புதுச் சரக்கு" என்பார்கள். எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடும் முடிவை மத்திய அரசு 2016இலேயே எடுத்துவிட்டது. இன்னும் எத்தனை பெட்டி புதுச் சரக்கு மீதி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் ஒளிரும் பூச்சு. இருட்டில் மின்னும் எதையும் நாம் ரேடியம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 1960கள் வரை சில வாட்சுகளில் பூசியது உண்மையான ரேடியம். ஒளி மங்கிப்போனாலும் ரேடியம் அப்படியே இருக்கும். அது பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். அப்படிப்பட்ட டயலை நகத்தால் சுரண்டாதீர்கள், முகத்துக்கு அருகே வைத்து ஊதாதீர்கள். பின்னால் வந்தது டிரிடியம். டயலின் அடியில் "ஸ்விஸ்" என்ற சொல்லுக்கு இரு பக்கமும் "டி" என்ற ஆங்கில எழுத்து இருக்கும். டிரிடியம் சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். ஆகவே நாற்பது வயது டிரிடியம் டயல் கடையின் இருட்டு மூலையில் மின்மினி போல ஜொலித்தால், யாரோ புதுப் பூச்சு பூசியிருக்கிறார்கள்.

கடைசியாக ஓட்டம். சாவி கொடுத்துப் பாருங்கள். வழவழப்பாகச் சுற்ற வேண்டும்; கையால் மட்டும் சாவி கொடுக்கும் வாட்சானால் முடிவில் தானாக நிற்க வேண்டும். குமிழை இழுத்து முள்ளை முன்னோக்கி ஒரு சுற்றுச் சுற்றி, தேதி இருந்தால் பன்னிரண்டையொட்டி மாறுகிறதா என்று பாருங்கள். ரிப்பேர்காரரிடம் டைம்கிராஃபர் என்ற கருவி இருந்தால் இரண்டு நிமிடம் அதில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்று திரையில் வந்துவிடும். ஐம்பது வயது மெஷின் அரை நிமிடம் முன்பின் போனால் நான் கவலைப்பட மாட்டேன். ஐந்து நிமிடம் போனால் சர்வீஸ் செலவையும் சேர்த்து யோசிப்பேன்.

5. விலை

விற்பவர் கேட்கும் விலையை வைத்து விலை பேசாதீர்கள். அதே மாடல் உண்மையில் எவ்வளவுக்கு விற்றது என்று தேடுங்கள். இணையத்தில் 40,000 என்று போட்டு இரண்டு வருடமாக விற்காமல் கிடக்கும் வாட்சைக் காட்டி, "மார்க்கெட் விலை இது" என்று என்னிடமே ஒருவர் சொன்னார்.

நான் போடும் கணக்கு எளிமையானது. நல்ல நிலையில் அந்த மாடல் விற்கும் விலையை எடுத்துக்கொள்கிறேன். அதிலிருந்து சர்வீஸ் செலவைக் கழிக்கிறேன்; குன்னூரில் என்னிடம் சாவி கொடுக்கும் வாட்சுக்கு 2,500 வாங்கினார்கள், கையசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேடிக் என்றால் கூடும். கண்ணாடி, குமிழ், முள் மாற்ற வேண்டியிருந்தால் அதையும் கழிக்கிறேன். ரீடயல் என்று தெரிந்தால் மீதியில் பாதிக்கு மேல் கொடுப்பதில்லை. மங்கி, புள்ளி விழுந்த அசல் டயலுக்குப் பளபளக்கும் ரீடயலைவிட அதிகம் கொடுப்பேன். இது எனக்கே முதலில் தலைகீழாகத் தெரிந்தது.

கேஸை அதிகம் பாலிஷ் போட்டிருந்தாலும் விலை இறங்கும். காதுகளின் கூர்விளிம்பு கரைந்து, நனைந்த சோப்பு போல உருண்டிருக்கும். "தங்க வாட்ச்" என்றால் பின்பக்கமும் காதுகளுக்கு நடுவிலும் லென்ஸில் தேடுங்கள். 750 என்ற எண் 18 காரட் தங்கத்துக்கான முத்திரை. 10 மைக்ரான், 20 மைக்ரான் என்று இருந்தால் அது முலாம் மட்டுமே. எடை போட்டு விலை பேச அதில் ஒன்றுமில்லை.

பேரத்தில் நான் செய்த பெரிய தவறு, அப்பா கதையைச் சொன்னது. "மணிவிழாவுக்கு, அவருக்கு இதே மாடல்தான் பிடிக்கும்" என்று வாயைத் திறந்த நொடியில் விலை இறங்குவது நின்றுவிட்டது. சொந்தக் கதையை வாங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

புது வாட்சில் பேரம் பிராண்டைப் பொறுத்தது. ரோலெக்ஸில் பேரமே இல்லை. வேறு பல பிராண்டுகளில் பெட்டியில் அச்சிட்ட விலையிலிருந்து தள்ளுபடி கேட்கலாம், கேட்டால்தான் சொல்வார்கள். அந்த விலைக்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம், மேற்கொண்டு ஜி.எஸ்.டி. என்று யாராவது சேர்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் கை ரோலெக்ஸைக் கடையில் காட்டினால், முதலில் ஸ்ட்ராப்பைக் கழற்றச் சொல்லுங்கள். பழையவற்றில் மாடல் எண் 12 மணிப் பக்கக் காதுகளுக்கு நடுவிலும், வரிசை எண் 6 மணிப் பக்கத்திலும் செதுக்கியிருக்கும். 2000களின் நடுவிலிருந்து வரிசை எண் கண்ணாடிக்கு உள்ளே, டயலைச் சுற்றிய உள்விளிம்புக்கு மாறத் தொடங்கியது. வாரண்டி அட்டையில் உள்ள எண்ணும் இந்த வரிசை எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். விநாடி முள் வழுக்கிப் போகிறதே, அசல்தான் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். இப்போது போலிகளிலும் வழுக்கிப் போகிறது.

6. தாள்கள்

நான் ஏமாந்த இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

கடையில் வாங்கினால் ஜி.எஸ்.டி. எண் அச்சிட்ட பில் வேண்டும். "பழைய வாட்ச் 1" என்று எழுதித் தருவது பில் ஆகாது. பிராண்ட், மாடல் எண், வரிசை எண், "டயல் அசல்" அல்லது "ரீடயல்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. திருப்பித் தரும் கெடுவையும், மூன்று நாளோ ஒரு வாரமோ, அதே பில்லில் கையெழுத்தோடு வாங்குங்கள்.

தனி நபரிடம் வாங்கினால் ஒரு வெள்ளைத் தாள் போதும். விற்பவர் பெயர், முகவரி, வாட்சின் விவரம், தொகை, தேதி, இருவர் கையெழுத்து. எனக்கு விற்ற ஓய்வுபெற்ற அதிகாரி இதைக் கேட்டுச் சிரித்தார். ஆனால் அழகான கையெழுத்தில் எழுதித் தந்து, 1971இல் கல்யாணப் பரிசாக வந்த வாட்ச் என்று அடியில் தானாகவே ஒரு வரி சேர்த்தார். பணத்தை வங்கி வழியாக அனுப்பினேன். அதுவும் ஒரு ரசீதுதான்.

பெரிய தொகை என்றால், 2025 நிலவரப்படி, இரண்டு லட்சத்துக்கு மேல் பான் எண் கேட்பார்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்குச் சட்டத்தில் இடமில்லை. "ரொக்கம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். 2025 ஏப்ரல் 22 முதல், பத்து லட்சத்துக்கு மேல் போகும் கைக்கடிகாரத்துக்கு விற்பவர் 1 சதவீத வரியை உங்களிடமே வசூலித்துக் கட்டுவார். அது உங்கள் பான் கணக்கில் ஏறும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். அதனால் அந்த ரசீதைத் தொலைக்க வேண்டாம்.

"துபாயிலிருந்து வந்தது" என்று யாராவது குறைந்த விலைக்குத் தந்தால், சுங்க வரி கட்டிய ரசீதைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் சிக்கல் வாட்சோடு சேர்ந்து உங்கள் கைக்கு வரும். புது வாட்சானால் வாரண்டி அட்டையில் தேதியும் கடை விவரமும் பதிவாகியிருப்பதை அங்கேயே சரிபாருங்கள்.

7. வாங்கிய முதல் வாரம்

தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, போனில் உள்ள நேரத்தோடு ஒப்பிட்டு எழுதிவையுங்கள். டயல் மேல் பார்க்க ஓர் இரவு, குமிழ் கீழ் பார்க்க ஓர் இரவு வையுங்கள். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் நோய் தெரிந்துவிடும். தேதியை இரவு 9 முதல் 3 மணிக்குள் மாற்றாதீர்கள், பற்சக்கரம் உடையலாம்.

"வாட்டர் ரெசிஸ்டண்ட்" என்று பின்மூடியில் இருந்தாலும் பழைய வாட்சை நனைக்காதீர்கள், உள்ளே ரப்பர் வளையம் காய்ந்திருக்கும். மலையில் குழாய்த் தண்ணீர் மட்டும் எதிரி அல்ல. பனிமூட்டத்தில் நடந்துவிட்டு அடுப்படிக்கோ வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறைக்கோ போனால், கண்ணாடிக்குள் புகை படிவது போல நீர்த்திவலை படியும். அதைக் கண்டால் அன்றைக்கே ரிப்பேர்காரரிடம் போங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள், தவிடு உள்ளே போகும். கழற்றிவைக்கும்போது மூடியுள்ள டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுத்தால் எனக்கு மூன்று வாரம் ஆனது. விசேஷ நாளுக்காக வாங்குகிறவர்கள் இரண்டு மாதம் முன்பாகவே தொடங்கிவிடுங்கள்.

என் கணக்கு இது: வாட்ச் 14,000, சர்வீஸ் 2,500, ஸ்ட்ராப் 600. டயலில் இரண்டு மணிக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புப் புள்ளி. அப்பா மணிவிழா மேடையிலேயே அதைக் கவனித்துவிட்டு, "துரை வாட்சிலும் ஒரு கறை உண்டு" என்றார். சாவி கொடுக்கும்போது கையிலேயே வைத்துக் கொடுக்கிறார். கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தண்டு வளையும் என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.